நோட்டில் இல்லாத கட்டம்

4-ஆம் தேதி, ஞாயிறு

தங்கைக்கு,

இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் மருமகனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. அன்று சோற்றில் கைவைத்தபடியே எழுந்து, மருமகனை இழுத்துக்கொண்டு நீ படியிறங்கிப் போனதை நான் மறக்கவில்லை. "நீ டப்பாவிலிருந்து மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள், டாக்டர் இல்லை" என்று நான் சொன்னதையும் மறக்கவில்லை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. உன் அண்ணி ஒரு வாரமாக எழுது எழுது என்று உயிரை எடுக்கிறாள். போனில் பேசும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை. அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவைப் பள்ளியிலிருந்து அனுப்பப் போகிறார்கள். இந்தப் பருவம் முடிவதற்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லித் தலைமை ஆசிரியை கடிதம் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் உட்காரும் பெண்ணின் தோளில் கடித்துவிட்டாளாம். ரத்தம் வந்துவிட்டதாம். பிறகு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வரவே மாட்டேன் என்றிருக்கிறாள். இழுக்கப் போன விளையாட்டு ஆசிரியருக்கு முகத்தில் உதை. அந்த மனிதர் உதட்டில் பஞ்சோடு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியை, "சார், எங்களுக்கு மத்த பிள்ளைங்களும் இருக்காங்க. ஒரே பொண்ணுன்னு வீட்ல செல்லம் அதிகமோ?" என்று கேட்டார். செல்லம் கொடுப்பது என் இலாகா இல்லை, அதோ உட்கார்ந்திருக்கிறாளே அவளுடைய இலாகா என்று உன் அண்ணியைக் காட்டினேன். அவள் வெளியே வந்து, நான் ஸ்கூட்டரை எடுப்பதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நீ பார்த்ததைவிட இப்போது மோசம். அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தவள் நீதான். அந்தப் பேரை இப்போது யாரும் சொல்வதில்லை. ஒன்பது வயதுப் பெண், நாள் முழுக்கப் பேசுவது பத்து வார்த்தை. அதில் பாதி "அது", "இது", "போ". அலமாரிக்கு முன்னால் நின்று உள்ளங்கையை விரித்து விரித்து மூடுவாள். என்ன வேண்டும் என்று கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. இன்னொரு முறை கேட்டால் கையில் இருப்பது பறக்கும். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி போயிற்று. என் மூக்குக் கண்ணாடி இரண்டு முறை போயிற்று. கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நேரில் சொல்லத் தைரியமில்லாத ஆசாமி.

ஒன்றே ஒன்று நன்றாக இருக்கிறது. வலிப்பு இல்லை. பதின்மூன்று மாதமாக ஒன்றுகூட வரவில்லை. டாக்டருக்குப் பரம திருப்தி.

என் கருத்தை நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நோயாளிப் பிள்ளை என்று இரண்டரை வருடம் தலையில் தூக்கிவைத்து ஆடியதன் பலன் இது. உன் அண்ணி அப்படிச் சொல்வதில்லை. நீ அன்றைக்குச் சமையலறையில் அவள் காதில் ஓதிவிட்டுப் போன மந்திரத்தையே இன்றும் சொல்கிறாள், எல்லாம் மருந்தின் வேலை என்று. போன செவ்வாய் காலையில் மருந்துப் பாட்டிலைத் திறந்து கழுவுதொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, "இன்னியோட இதை ஊத்திடறேன், வர்றது வரட்டும்" என்று நின்றாள். பிடுங்கி என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். நான் காலை வேலைக்குப் போகும் நாட்களில் சாவியை அவளிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வானிலை நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது கை தானாகப் பாக்கெட்டைத் தடவுகிறது.

அதனால் ஒரே ஒரு கேள்வி. மருந்தோடு வந்த காகிதங்களை, பயமுறுத்தத்தான் அச்சடிக்கிறார்கள் என்று அவ்வப்போது கிழித்துப் போட்டுவிட்டேன். மருந்தின் பேர், அளவு எல்லாம் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். இந்த மருந்து பிள்ளைகளை இப்படிச் செய்யுமா, செய்யாதா? ஆம் அல்லது இல்லை. பாடம் நடத்த வேண்டாம்.

விரைவில் பதில் போடவும். எல்லாம் நல்லபடியாகட்டும்.

அண்ணன்

*

19-ஆம் தேதி, திங்கள்

தங்கைக்கு,

உன் பதில் கிடைத்தது. ஆம் அல்லது இல்லை என்று கேட்டால் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் வாங்கின கதையைச் சொல்வாய்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை, சில பிள்ளைகளுக்கு இந்த மருந்தால் எரிச்சலும் ஆத்திரமும் வரும், சிலருக்குச் சொல் கிடைக்காமல் தவிப்பு வரும், அளவு கூடினால் அதுவும் கூடலாம் என்று எழுதியிருக்கிறாய். அதே மூச்சில், நாமாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தியை உன் அண்ணிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பாட்டிலைக் கவிழ்க்கும் பேச்சு அதோடு நின்றது. அதற்கு நன்றி. அதற்கு மட்டும்.

பிறகு, எப்போது ஆரம்பித்தது, தேதி வேண்டும் என்று கேட்டிருந்தாய். சிரிப்புத்தான் வந்தது. யாரிடம் தேதி கேட்கிறாய்? இருபத்தாறு வருடமாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து வெப்பமானியைப் படித்து, மழைமானியைக் கவிழ்த்து அளந்து, காற்று எந்தப் பக்கம் என்று எழுதுகிறவன் நான். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த நோட்டை நீ பார்த்ததில்லை. முதல் வலிப்பு வந்த வாரமே அளவுகோல் வைத்துக் கோடு போட்டது. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் கை இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, பிறகு எவ்வளவு நேரம் தூங்கினாள், அன்றைய மருந்தின் அளவு. டாக்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம், "இப்படி ஒரு ரெக்கார்டு வச்சிருக்கிற அப்பாவை நான் பாத்ததே இல்ல சார்" என்பார். ஆறு நிமிடம்தான் நமக்கு. அதில் நான்கு நிமிடம் நோட்டைப் புரட்டுவார். சைபர், சைபர், சைபர் என்று விரலை ஓட்டிவிட்டு, எக்ஸலண்ட் என்று சீட்டு எழுதுவார். உண்மையைச் சொல்கிறேன், வேலையில் சேர்ந்ததிலிருந்து என்னை ஒருவர் பாராட்டிக் கேட்டது அங்கேதான். அந்த ஆறு நிமிடத்துக்காக நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவேன்.

நோட்டில் நீ கேட்டது இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. குறிப்பு எழுத நான் கட்டமே போடவில்லை.

எங்கள் நிலையத்துப் பதிவேட்டில் குறிப்புக்குக் கட்டம் உண்டு. பத்து வருடத்துக்கு முன் பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பியபோது, காற்றுமானி இனிமேல் பொய் சொல்லும், அதை இடம் மாற்ற வேண்டும் என்று அந்தக் கட்டத்தில் மூன்று நாள் தொடர்ந்து எழுதினேன். மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. கருவி காட்டுவதை மட்டும் எழுதவும், தங்கள் அபிப்பிராயம் தேவையில்லை என்று. அந்த வருடப் பதவி உயர்வு, என்னிடம் வேலை பழகியவனுக்குப் போயிற்று. இன்று அவன்தான் என் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறான். அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் நான் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

உன் அண்ணி நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். "இன்று காரணமில்லாமல் மூன்று முறை அழுதாள்." "தோழியின் பேர் வரவில்லை, கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்." நான் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, இது பதிவேடு, உன் அபிப்பிராயம் எழுதும் இடமில்லை என்பேன். சில பக்கங்களில் ஓரம் தேய்ந்து தாள் மெலிந்திருக்கிறது. பிறகு ஒருநாள் எழுதுவதை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வருவதையும் விட்டுவிட்டாள். சரி, தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

தேதி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? சிரிக்காதே. யார் என்னை என்ன சொன்னாலும் தேதி போட்டு எடுத்துவைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. "அண்ணன் கோபத்தை ஊறுகாய் போட்டு வைக்கிறவன்" என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னது என் காதுக்கு வந்தது, அதற்கும் தேதி உண்டு. பள்ளிக்கு ஒருநாள் சரியான பதில் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் அனுப்பிய காகிதத்தையெல்லாம் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தேன். தலைமை ஆசிரியையின் கடிதம் ஒன்பது. கீழ்வீட்டுக்காரர் நான்கு. பள்ளி வேன் டிரைவர் பின்பக்கம் கணக்கெழுதிய தாளில் கிறுக்கிக் கொடுத்தது ஒன்று. பாப்பாவின் ஆத்திரத்தைப் பற்றி நீ அன்று பஸ்ஸிலிருந்து எனக்கு அனுப்பிய செய்தியைக்கூடக் கையால் எழுதி அதில் சேர்த்திருந்தேன்.

அத்தனையையும் ஹாலில் தரையில் பரப்பினேன். பக்கத்தில் நோட்டு. மருந்தின் அளவை மூன்று முறை கூட்டியிருக்கிறார்கள். முதல் முறை கூட்டிய பன்னிரண்டாம் நாள் அவள் ஆத்திரத்தைப் பற்றிப் பள்ளியின் முதல் புகார். இரண்டாம் முறை கூட்டி ஒன்பது நாளில் வேன் டிரைவர், பதினோராம் நாள் நீ. மூன்றாம் முறைக்குப் பிறகு இரண்டு வாரத்தில் நான்கு காகிதம். நடுவில் இருமலுக்காக வேறு டாக்டரிடம் போனபோது அவர் சீட்டில் எழுதிய அளவைத் தப்பாகப் படித்து ஒரு மாதம் குறைத்துக் கொடுத்திருக்கிறோம். அந்த மாதம் ஒரு காகிதம்கூட இல்லை. மருந்து தொடங்குவதற்கு முன்னால் பள்ளியிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று. தங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள், கண்டித்து வைக்கவும்.

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. உன் அண்ணி கைதுடைத்துக்கொண்டே வந்து நின்று தரையைப் பார்த்தாள். நான் விளக்கத் தொடங்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒன்றரை வருஷமா நான் வாயால சொன்னேன். என் பேச்சுக்கு இல்லாத மதிப்பு ஹெட்மிஸ்ட்ரஸ் லெட்டர்பேடுக்கு இருக்கு, இல்ல?" என்று கேட்டாள். காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கத் தொடங்கினேன். 

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நான் சொல்வது மேல். ஆறு மாதத்துக்கு முன்னால், பிடிவாதத்தை உடைக்கிறேன் பேர்வழி என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். எதுவானாலும் வாயைத் திறந்து பேர் சொல்லிக் கேட்டால்தான் கொடுப்பது. ஒரு சனிக்கிழமை வெயிலில் விளையாடிவிட்டு வந்து தண்ணீர்க் குடத்தைக் காட்டினாள். அது என்ன, சொல்லு என்றேன். காட்டினாள். சொல்லு என்றேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் தங்கச்சி. அவள் அழவில்லை, எதையும் எறியவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல. உன் அண்ணி வந்து டம்ளரைப் பிடுங்கிக் கொடுத்தாள். "கெடுக்கிறதே நீதான்" என்று நான் கத்தினேன்.

அந்த நாள் எந்த நோட்டிலும் இல்லை.

வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். உன் அண்ணியும் வருகிறாள். நீ சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டேன். குறிப்புக்கும் கட்டம் போட்டிருக்கிறேன். அதை நிரப்புகிறவள் அவள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

7-ஆம் தேதி, திங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுத்த அளவெடுப்புக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இதுவரை மூன்று முறை எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன். மழையே இல்லாத நாளில் மழைமானியைத் திறந்து பார்த்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சொல்லாமல் போனால் மண்டை வெடித்துவிடும்.

அந்த வியாழக்கிழமை டாக்டர் தாளைப் படித்தார். நோட்டைத் தொடவே இல்லை. இரண்டு முறை படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, "இத நீங்க ஒரு தடவகூட எங்கிட்ட சொல்லலையே சார்" என்றார். நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, நர்ஸ் எட்டிப் பார்த்தாள். உன் அண்ணி என் முழங்கையைக் கிள்ளிவிட்டு, "ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போட்டுக்கங்க. இப்ப என் பொண்ணுக்கு என்ன வழி, அதச் சொல்லுங்க" என்றாள். அன்று நமக்கு இருபத்தைந்து நிமிடம் கிடைத்தது.

பழைய மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, புது மருந்தைப் படிப்படியாகக் கூட்டுவது. மொத்தம் எட்டு வாரம். நடுவில் வலிப்பு திரும்பலாம், உத்தரவாதம் இல்லை என்று முன்பே சொன்னார். பள்ளிக்கும் ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் படித்த தலைமை ஆசிரியையும், "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். ஊரில் எல்லோருக்கும் அந்த ஒரு வாக்கியத்தை யாரோ சொல்லிக்கொடுத்து விட்டிருக்கிறார்கள். ஆனால் அடுத்த பருவம்வரை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அது பெரிது.

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நான்காவது வாரம் ஒரு காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, "மெதுவா" என்றாளாம். உன் அண்ணி சீப்போடு ஓடிவந்து என்னிடம் சொன்னாள். ஐந்தாவது வாரம் எறிவது குறைந்தது. எறிவதற்கு முன்னால் கையை ஓங்கிக்கொண்டு யோசிப்பாள். அந்த யோசனையை நான் கட்டத்தில் எழுதினேன். ஆறாவது வாரம் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "என்ன சார், ஊர்ல இல்லையா? சத்தத்தையே காணோம்" என்று கேட்டார். மனிதருக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான்.

முந்தாநாள் சனிக்கிழமை காலையில் மூவருமாகப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனோம். கடையில் அவளைச் சின்ன ஸ்டூலில் உட்காரவைத்து அளவு பார்த்தார்கள். வலது காலில் ஒன்றைப் போட்டாயிற்று. கடைப்பையன் இடது ஷூவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். நான் குனிந்து, இது சரியா இருக்கா கண்ணு என்று கேட்டேன். கண் இடது பக்கம் போயிற்று. எனக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து மாதம் ஆனாலும் அந்தக் கண் எனக்கு மறக்குமா?

செய்ய வேண்டியதைச் செய்தேன். ஸ்டூலிலிருந்து இறக்கித் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தலைக்கு அடியில் உன் அண்ணியின் கைப்பை. யாரோ சாவியைக் கொண்டுவந்து கையில் திணிக்கப் பார்த்தார், ஒருத்தி வாயில் கரண்டி வைக்கச் சொன்னாள். இரண்டு பேரையும் விரட்டினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. ஐந்து நிமிடம் தாண்டினால்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தாண்டவில்லை. நின்றது. மூச்சு சீராயிற்று. சுற்றி நின்றவர்களின் செருப்புகள் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். தூங்கிப்போனாள். டாக்டருக்குப் போன் செய்தேன். இது எதிர்பார்த்ததுதான், பயப்பட வேண்டாம், இப்போது இரண்டு வழி இருக்கிறது என்றார். பழைய மருந்துக்கே திரும்பிவிடலாம், அதில் வலிப்பு அடங்கும் என்பது தெரிந்த விஷயம். அல்லது புது மருந்தைக் கொஞ்சம் வேகமாகக் கூட்டிக்கொண்டு தொடரலாம், அது முழுக்கப் பிடிக்குமா என்று இன்னும் சில வாரம் கழித்துத்தான் தெரியும். "ரெண்டுமே தப்பில்ல. நீங்க ரெண்டு பேரும் பேசி திங்கட்கிழமை காலைல சொல்லுங்க" என்றார். படித்த படிப்பெல்லாம் படித்துவிட்டு, முடிவை மட்டும் நம் தலையில் கட்டுகிறார்கள்.

திரும்பிவிடலாம் என்றேன் நான். பேசாவிட்டால் போகட்டும், நான்கு சுவருக்குள்ளேயே இருக்கட்டும், பள்ளிக்கூடமே வேண்டாம், நான் வீட்டில் சொல்லித் தருகிறேன், அவள் விழாமல் இருந்தால் போதும் என்றேன். உன் அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "விழுந்தா தூக்கிடலாம். இப்பதான் நீங்களே தூக்கினீங்க. அவ உள்ளுக்குள்ள போய் உக்காந்துட்டா எங்கேருந்து தூக்குவீங்க?" என்று கேட்டாள். தெருவில், பஸ்ஸில், மாடிப்படியில் வந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். வீட்டுக்குள் கைதிமாதிரி வைத்திருந்தால் அது மட்டும் வாழ்க்கையா என்று அவள் கேட்டாள். தூங்குகிற பிள்ளையின் தலைமாட்டில் இரண்டு பேரும் ரகசியக் குரலில் அடித்துக்கொண்டோம். 

அப்போது பாப்பா கண்ணைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை, என் கையை. கடையிலிருந்து அந்த இடது ஷூவை நான் கீழே வைக்கவே இல்லை. ஆட்டோவில், படியேறும்போது, போன் பேசும்போது, எல்லாம் அது என் கையிலேயே இருந்திருக்கிறது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். மறுபடி அசைந்தது. அப்புறம் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக. "அப்பா... ஒத்தக் கால்லயா... நான் பள்ளிக்கூடம் போகணும்?"

உன் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் ஷூவைப் பார்த்தேன். கடைக்காரனிடம் பில்கூடப் போடவில்லை. வலது ஷூ அவள் காலிலேயேதான் இருந்திருக்கிறது, படுக்கையில் போர்வைக்கு அடியில். அதைச் சொன்னேன். "திருடன்" என்றாள் என்னை.

கதை அங்கே முடிந்ததென்று நினைத்துக்கொள்ளாதே. அன்று சாயங்காலமே தலையணை வேண்டும் என்று கேட்க வார்த்தை கிடைக்காமல் விளக்கைத் தட்டிவிட்டாள். நேற்று நான்கு முறை சொல் தொலைந்தது, ஒரு முறை அழுகை. எல்லாம் கட்டத்தில் இருக்கிறது. கேலி செய்தாள் என்பதும் இருக்கிறது. அதை எழுதும்போது மணி, நிமிடம்கூடப் போட்டேன்.

இன்று காலை டாக்டருக்கு நான்தான் பேசினேன். தொடருங்கள் என்று சொன்னேன்.  சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை. நாளைக்குப் பள்ளியில் மறுபடி வந்தால் ஊரே என்னைத்தான் கேட்கும், அதற்கு முன் நானே என்னைக் கேட்பேன். அவள் இப்போது வகுப்பில் இருக்கிறாள். அந்தப் பெஞ்சு ஜன்னலோரமா, சுவரோரமா என்று ஞாபகமில்லை. ஜன்னலோரம் என்றால் கண்ணாடி இருக்கும். போன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பள்ளியோ என்று பார்க்கிறேன். இப்போதுகூட அடித்தது. ஏதோ கடன் அட்டை விற்கிறவன். அவனை நான் திட்டிய திட்டில் அவன் வேறு வேலை தேடிக்கொள்வான்.

நான் செய்தது சரி என்று எனக்கு எழுதாதே. ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தப்பு என்றால் மட்டும் உடனே சொல். உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் செய். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் பண்ணு. அவளே எடுப்பாள். எடுத்ததும் அத்தை என்று சொல்ல நேரமாகும். அந்தப் பக்கம் வெறும் மூச்சு மட்டும் கேட்கும். உனக்கு வாய் சும்மா இருக்காது, தெரியும். அவளுக்காக அந்த வார்த்தையை நீ சொல்லிவிடாதே. கேள்வி மேல் கேள்வி கேட்காதே. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தாதே. அவள் இருப்பாள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நீயும் இரு, தங்கச்சி.

அண்ணன்